பேனா வேலை

ஒன்பதாம் வகுப்பு ஷிஜி தன் விடைத்தாளையும் பள்ளி நூலகத்து அகராதியையும் ஒன்றாக என் மேசைமேல் வைத்தபோது மணி மூன்றே முக்கால். கடைசி பீரியட் முடிந்து பிள்ளைகள் வேனுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். திங்கள்சந்தையில் நாலேகால் பஸ்ஸை விட்டால் எனக்கு அடுத்தது ஐந்தரைக்குத்தான். ‘பென்’ என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். வகுப்பு முழுக்க என்னிடம் நீலப் பேனா இருக்கிறது, சிவப்புப் பேனா இருக்கிறது என்று எழுதித் தள்ளியிருக்க, இவள் மட்டும் ‘எங்கள் பன்றிகள் பென்னுக்குள் தூங்குகின்றன’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நான் அதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ஓரத்தில் ‘பேனாவுக்குள் பன்றியா?’ என்று கேட்டு, அதுவும் போதாதென்று காலையில் வகுப்பில் வாசித்தும் காட்டியிருந்தேன். நன்றாகச் சிரித்தார்கள். பன்னிரண்டு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறவனுக்கு அந்த மாதிரிச் சிரிப்பு கொஞ்சம் தெம்பு, மறைப்பானேன்.

“சார், எங்க வீட்டுல பன்னி உண்டு. அதுக்க கூட்டுக்கும் இந்தப் பேருதான்னு இதுல போட்டுருக்கு,” என்றாள் ஷிஜி. கோபமெல்லாம் இல்லை. வேன் போய்விடுமே என்ற அவசரம்தான் முகத்தில் இருந்தது.

விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அந்தச் சொல் இரண்டு தடவை இருந்தது, தலைமேல் ஒன்று, இரண்டு என்று சின்ன எண்களோடு. முதலாவது நமக்குத் தெரிந்த பேனா. லத்தீனில் இறகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாம். ஒரு காலத்தில் இறகைச் சீவித்தானே எழுதினார்கள். இரண்டாவது ஆடு, மாடு, பன்றிகளை அடைத்து வைக்கும் அடைப்பு. பழைய ஆங்கிலச் சொல், அதற்கு முன் எங்கிருந்து வந்ததென்று உறுதியாகத் தெரியவில்லை என்று போட்டிருந்தது. எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று, இரண்டுக்கும் சொந்தமோ பந்தமோ கிடையாது. சிவப்புக் கோட்டின் மேலேயே ஒரு சரி போட்டு இரண்டு மார்க் எழுதிக் கொடுத்தேன். அவள் ஓடிய பிறகும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். என் தம்பி டிஜோவின் வேலைக் கடிதம் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

‘பென் அட்டெண்டன்ட்’ என்றிருந்தது அதில். ஓமானில் ஏதோ உணவுக் கம்பெனி. நாலு மாதத்துக்கு முன் கடியப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து, அம்மாவுக்கும் டிஜோவுக்கும் அதை வாசித்து அர்த்தம் சொன்னது நான்தான். பேனா பிடிக்கிற வேலை, ஆபீசில் எழுத்து வேலைக்கு உதவி என்றேன். அம்மா இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாள். “கடல் கிடையாதே?” என்று கேட்டாள். “கடலா? ஏசி ரூமுல இருந்து எழுதணும்மா,” என்றேன். ஏசியை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அம்மா கேட்டதற்குக் காரணம் உண்டு. ஒக்கி புயல் வந்த வருடம் கடலுக்குப் போன அப்பா திரும்பவில்லை. படகும் வரவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. நாற்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, வீட்டிலிருந்த வலையையும் தூண்டிலையும் அம்மா அள்ளி யாருக்கோ கொடுத்தாள். நான் முன்பே பள்ளிக்கூடத்து ஆள், என்னைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. டிஜோ பதினாறு வயதிலிருந்தே அப்பாவோடு கடலில் கிடந்தவன். அப்பாவின் படத்தில் அவன் கையை வைத்து, கடலில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அவன் காப்பாற்றினான். தக்கலையில் செல்போன் கடையில் நின்றான், கட்டட வேலைக்குச் சென்றான், கடற்கரைப் பக்கம் பந்து விளையாடக்கூடப் போகவில்லை. பேனா வேலை என்று நான் சொன்னதும் அம்மா ஒரு புதுப் பேனா வாங்கி, பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி, விமானத்துக்குப் புறப்படுகிற அன்று அவன் சட்டைப் பையில் அவளே குத்திவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் நின்று டிஜோவை அழைத்தேன். நாலேகால் பஸ் வந்து, நின்று, போனது.

“டிஜோ, உனக்க வேலை பேனா வேலை இல்லியா?”

போனில் காற்று இரைந்தது. “எப்பிடித் தெரிஞ்சு?”

“பன்னி வளக்க வீட்டுப் பிள்ளை ஒண்ணு சொன்னா. என்ன மேய்க்கிற, ஆடா, ஒட்டகமா?”

“மீனு, அண்ணா.”

எனக்குப் புரியவில்லை. அவன் நிதானமாகச் சொன்னான், இதை எப்போதோ ஒருநாள் சொல்ல வேண்டியிருக்கும் என்று தயாராக இருந்தவன் போல. “கரையில இருந்து போட்டுல அரைமணி நேரம் போவணும். கடலுக்குள்ள வட்டம் வட்டமா வலைக்கூண்டு போட்டு மீன் வளக்காவ. தீனி போடணும். வலை கிழிஞ்சா உள்ள எறங்கித் தைக்கணும். இங்க அந்தக் கூண்டுக்குத்தான் அந்தப் பேரு.”

“மொத நாளே தெரிஞ்சிருக்குமே, லே? ஏன் சொல்லல?”

“அண்ணன் படிச்சவன், தெரியாமலா சொல்லுவான்னு நெனச்சேன். இது சும்மா பழக்குறதுக்கு, பொறவு ஆபீசுக்குக் கூப்பிடுவாவன்னு ஒரு வாரம் காத்துட்டு இருந்தேன்.” சிரித்தான். “அம்மைட்ட சொல்லாத. காண்டிராக்டு முடிய இன்னும் ஒரு வருசமும் எட்டு மாசமும் தானே. அம்மை போன்ல கேட்டா, இங்க சுத்தி மணலு, மணலுன்னு சொல்லிட்டு இருக்கேன்.”

ஒரு வாரம் என் வார்த்தையை நம்பியிருக்கிறான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தரையில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு மரியஜான் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் போகிறான், அவனிடம் கொடுத்துவிட. ஏத்தங்காய் உப்பேரி, முந்திரிக்கொத்து, தேங்காயெண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலே பிளாஸ்டிக் உறையில் பத்து பேனாக்கள்.

“எழுதி எழுதி மை தீந்துருக்கும் பிள்ளைக்கு,” என்றாள். “நீ அட்ரஸ எழுது மக்கா. உனக்க கையெழுத்து நல்லா இருக்கும்.”

நான் பையை வைத்தேன். சட்டையைக் கழற்றினேன். தண்ணீர் குடித்தேன். எட்டு மாதமும் ஒரு வருடமும் இப்படிப் பெட்டி பெட்டியாகப் பேனா அனுப்ப அட்ரஸ் எழுத என்னால் முடியாது என்று தோன்றியது. அதற்கான தெம்பு என்னிடம் இல்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். ஒரே எழுத்தில் இரண்டு சொல் இருப்பதையும், நான் ஒன்றை மட்டுமே தெரிந்து வைத்திருந்ததையும், அவன் கடலில் இறங்குவதையும், வலை தைப்பதையும், எல்லாவற்றையும்.

அம்மா அழுவாள், அல்லது என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்திரிக்கொத்துப் பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள். திரும்பவும் கட்டினாள்.

“ஆழம் எவ்வளவாம்?”

“கேக்கல.”

“அதக் கேக்காண்டாமா?” என்றாள். “வேற என்ன மயிர கேட்ட?”

எழுந்து உள்ளே போனாள். அரிசிப் பானைக்குப் பின்னால் ஏதோ உருட்டும் சத்தம் வந்தது. திரும்பியபோது பழைய துணிச்சுருள் ஒன்று கையில் இருந்தது. பிரித்தாள். அப்பாவின் வலை தைக்கும் ஊசி. மூங்கிலில் அவரே செதுக்கியது, விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போனது. கடல் சாமான் ஒன்றும் வீட்டில் இல்லை என்றுதான் இத்தனை வருடமும் நாங்கள் நினைத்திருந்தோம்.

பேனாக்களை எடுத்து வெளியே வைத்தாள். ஊசியை உப்பேரிக்கும் எண்ணெய்க்கும் நடுவில், உடையாதபடி துணியோடு செருகினாள்.

“பிளாஸ்டிக் ஊசி ஈரத்துல கைய அறுக்கும். அப்பாக்கதுன்னு சொல்லு. நான் தந்தேன்னும் சொல்லு.” பெட்டியை மூடி என் பக்கம் தள்ளினாள். “எழுது.”

புது உறையைக் கிழித்து ஒரு பேனாவை எடுத்தேன். மை இறங்கவில்லை. அட்டையின் ஓரத்தில் அழுத்தி வட்டம் போட்டேன். நிறமில்லாத வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அட்டையில் பள்ளமாக விழுந்துகொண்டிருந்தன. அம்மா குனிந்து அதையே பார்த்தாள்.

“கூண்டு இப்பிடி வட்டமாவா இருக்கும்?” என்று கேட்டாள்.

“ஆமா,” என்றேன். பாதி வட்டத்தில் மை வந்தது.