டிக்கெட்டில் சேராதது

“ஏம்ப்பா, கப்பல்ல எல்லாமே டிக்கெட்லயே சேர்ந்ததுன்னியே, உன் வாந்தியைத் துடைக்கிறதுமா?” என்று மகள் கேட்டாள்.

கப்பல் ஆடிய ஆட்டத்தில் தையல்காரரால் தலையைத் தூக்க முடியவில்லை. விடுமுறைக்கு மலைக்குப் போனால் அறைக்கு, சாப்பாட்டுக்கு, வண்டிக்கு என்று தனித்தனியாகக் கறந்துவிடுவார்கள், கப்பல்தான் லாபம் என்று வீட்டில் அடித்துப் பேசியவர் அவர்தான். இப்போது மகளுக்குக் கடலைக் காட்டக்கூட முடியாமல் கட்டிலோடு கிடந்தார்.

“லாபக்காரரே, உங்க பங்கையும் சேர்த்து நாங்களே சாப்பிட்டாச்சு,” என்றாள் மனைவி.

அறையைச் சுத்தம் செய்பவர் மட்டும் முகம் சுளிக்காமல் மண்டியிட்டுத் துடைத்தார். “பரவாயில்லண்ணே, எனக்கும் முதல்ல இப்படித்தான்,” என்று தையல்காரரின் நெற்றியில் ஈரத்துணி வைத்தார்.

கரை சேர்ந்த காலையில் மனைவியும் மகளும் முன்னே இறங்கினார்கள். தையல்காரர் கதவைச் சாத்திக்கொண்டு, குளியலறைத் தரையை மண்டியிட்டுத் தேய்த்துக் கழுவினார். தன் வாந்தியைத் துடைத்த அந்த மனிதருக்காக ஒரு நொடி கண்மூடி வேண்டிக்கொண்டு, அவர் வருவதற்குள் இறங்கிப் போனார்.