கோயிலுக்கு வந்த இடத்தில்

சென்ட்ரலில் புறநகர் ரயில் கவுன்ட்டரில் சேனாதிபதி மூன்று நாள் டூரிஸ்ட் டிக்கெட் இரண்டு கேட்டபோது, உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்த டிக்கெட்டை அவ்வளவாக யாரும் கேட்பதில்லை போலிருந்தது.

"எந்தப் பக்கம் போறீங்க?"

"எல்லாப் பக்கமும் போகணுங்க. திருவள்ளூரு, பொன்னேரி, அப்புறம் சிங்கப்பெருமாள் கோயில்."

"கோயில் டூரா சார்?"

"ஆமாங்க. கோயில்தான்."

பின்னால் நின்ற மகள் புவனா கைப்பையிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினாள். அப்பா சொன்னது பொய்யும் இல்லை. மூன்று ஊரிலும் கோயில் இருக்கிறது. மூன்று ஊரிலும் ஒரு மாப்பிள்ளையும் இருந்தார்.

பழனி அடிவாரத்தில் சேனாதிபதிக்குப் பூசைச் சாமான் கடை. புவனா கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமை மலையிறங்கி வருவாள், திங்கள்கிழமை வெள்ளனே பஸ் ஏறிவிடுவாள். வயது முப்பத்தைந்தாகிறது. பழனியில் பெண் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பார்க்க வருகிறவர்கள் எப்படியும் சாமி கும்பிட வந்தவர்களாகவே இருப்பார்கள். கோயிலுக்கு வந்த இடத்தில் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்பார்கள். பிடித்தால் பேசலாம், பிடிக்காவிட்டால் கோயிலுக்கு வந்ததாக இருந்துவிட்டுப் போகட்டும். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. வந்தவர்கள் ரோப் காரில் மலையேறி, பஞ்சாமிர்தம் வாங்கி, வீட்டில் கேசரி சாப்பிட்டு, மறுநாள் கொடைக்கானலையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஏரிக்குப் பக்கத்தில் காட்டேஜ்கூடப் புவனாவே ஏற்பாடு செய்து கொடுத்தாள். ஊருக்குப் போய்ப் போன் செய்தவர்கள் காட்டேஜ் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்கள்.

வருகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். திண்டுக்கல் தரகர் முருகானந்தம் சென்னைப் பக்கத்து ஜாதகம் மூன்றைக் கொடுத்து, இனிமேல் நீங்கள்தான் போக வேண்டும் என்றார். பெண்ணை அழைத்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது அவர்கள் பக்கத்தில் வழக்கம் இல்லை. சேனாதிபதி இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒவ்வொரு ஜாதகத்துக்கும் பக்கத்தில் ஒரு கோயிலைக் கண்டுபிடித்தார். கோயிலுக்கு வந்த இடத்தில் ஸ்டேஷனில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்குப் போனதாக ஆகாது.

புறப்படுவதற்கு முன்னால் புவனா ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். இந்த மூன்று பேரில் யார் சரி என்றாலும் அவளுக்கும் சரி. எதுவும் சொல்ல மாட்டாள். மூன்று பேருமே வேண்டாம் என்றால், அதற்குப் பிறகு வீட்டில் யாரும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. அம்மா விசாலாட்சி அழுதாள். அப்பா, "சரித்தா" என்றார். வாக்குக் கொடுத்தபோது தனக்குப் பயமாக இருக்கும் என்று புவனா எதிர்பார்த்தாள். அப்படி ஒன்றும் இல்லை.

திருவள்ளூருக்குப் போகும் ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. ஆவடி, பட்டாபிராம் என்று பெயர்ப்பலகைகள் வந்து போயின. மலை பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வருகிறவளுக்கு இந்த ரயில் எதுவும் செய்யவில்லை. நேராகப் போனது, நின்றது, மறுபடி நேராகப் போனது.

"மொதல்ல கோயிலு. அப்புறந்தான் அவுக," என்றார் சேனாதிபதி.

"நேரமாயிருமேப்பா. அவங்க வந்து நிப்பாங்க."

"கோயிலுக்கு வந்தோம்னு சொல்லியாச்சு. போகாம இருந்தா பொய்யாயிரும்ல."

அதனால் வீரராகவப் பெருமாளைப் பார்த்து, வேண்டுதலுக்குக் குளத்தில் வெல்லம் கரைத்து, வியர்வையோடு ஸ்டேஷனுக்குத் திரும்பினார்கள். முதல் மாப்பிள்ளை பொன்னுவேல் மெடிக்கல் ஷாப் வைத்திருந்தார். அக்காவோடு வந்திருந்தார். பேசியதெல்லாம் அக்காதான்.

"கொடைக்கானல்ல இருந்துட்டு எங்க ஊர் வெயில் தாங்குமாம்மா உனக்கு?"

"தாங்குங்க."

"வேலைய விட்ருவியா?"

"விட்ருவேங்க."

"போட்டோல கலர் கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு. பரவால்ல, வெயில்ல வந்திருக்க." தம்பி பக்கம் திரும்பி, "நீ ஏதாவது கேக்குறியாடா?" என்றாள்.

பொன்னுவேல் போனிலிருந்து தலையைத் தூக்கி, "கொடைக்கானல்ல இப்ப இ-பாஸ் இல்லாம விடுறாங்களா?" என்று கேட்டார்.

"வண்டியில வந்தா எடுக்கணுங்க. ஆன்லைன்ல ஈசியாக் கெடைக்கும்," என்றாள் புவனா.

"வீட்டுக்குப் போய்க் கலந்துட்டுச் சொல்றோம் சார்," என்றாள் அக்கா.

சேனாதிபதி கைகூப்பினார். அந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. திரும்பும் ரயிலில் வேர்க்கடலை வாங்கி, பாதியை மகளிடம் கொடுத்தார். இருவரும் தோலை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டே வந்தார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பொன்னேரியில் இறங்கி, ஆட்டோ பிடித்துச் சிறுவாபுரி முருகன் கோயிலுக்குப் போனார்கள். கல்யாணம் ஆக வேண்டும் என்று செவ்வாய்தோறும் ஆட்கள் வருகிற இடம். வரிசை தெருவரைக்கும் நின்றது. அதில் முக்கால்வாசி அப்பாக்களும் மகள்களும்தான். எல்லா மகள்களும் ஒரே மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சேனாதிபதிக்கு அந்த வரிசை பிடிக்கவில்லை. "நம்மூரு மலையடியில ஆயுசு பூரா கடை போட்டுட்டு, இங்கன வந்து வரிசையில நிக்கிறேன் பாரு."

"அங்கயும் இங்கயும் ஒரே சாமிதானப்பா."

"சாமி ஒண்ணுதான். ஆபீசு வேற."

முன்னால் நின்ற ஒரு பெண் சிரித்தாள். புவனாவுக்கும் சிரிப்பு வர வேண்டிய இடம்தான் அது என்று தெரிந்தது. உதட்டை மட்டும் விரித்தாள்.

இரண்டாவது மாப்பிள்ளை வரவே இல்லை. பொன்னேரி பிளாட்பாரத்தில் இரண்டு ரயில்களைப் போகவிட்டுக் காத்திருந்தார்கள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சேனாதிபதி தரகரைக் கூப்பிட்டுப் பேசினார். பேசும்போது மகளிடமிருந்து தள்ளிப் போய் நின்றார். ஆனால் குரலைத் தாழ்த்தத் தெரியாதவர். "அது எப்படிங்க, முப்பத்தஞ்சுன்னு மொதல்லயே சொல்லித்தான குடுத்தீக" என்பது பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. பெஞ்சில் இருந்த கல்லூரிப் பையன்கள் புவனாவைப் பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பினார்கள். அவள் டிக்கெட்டை எடுத்துப் படித்தாள். எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். இப்படி ஒரு டிக்கெட் இருப்பதை அப்பாவுக்குத் தெரிந்தவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் சிங்கப்பெருமாள் கோயில். குகைக்குள் நரசிம்மர். குன்றைச் சுற்றி வந்து வணங்க வேண்டும் என்றார்கள். சேனாதிபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றினார். புவனா பின்னால் நடந்தாள். இன்று இரவு ரயிலில் ஊர். நாளை மறுநாள் ஆபீஸ். அடுத்த ஆண்டுக்கான அட்மிஷன் விண்ணப்பங்கள் மேஜையில் கிடக்கும். கல்யாணம் நடந்தால் அதை வேறு யாராவது செய்வார்கள். நடக்காவிட்டால் அவள் செய்வாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எதுவும் கனமாகத் தெரியவில்லை.

மூன்றாவது மாப்பிள்ளை குருநாதன் ஸ்டேஷனுக்குத் தனியாக வந்திருந்தார். மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறார். நாற்பதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட சட்டை, தூக்கம் இல்லாத கண்கள். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்ததாகச் சொன்னார். சேனாதிபதி ஊர், உறவு எல்லாம் விசாரித்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு இருங்க, வெரசா ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று பிளாட்பாரத்தின் மறுகோடிக்குப் போனார். டீக்கடை அங்கே இல்லை. சும்மா நின்றார்.

அவர் நாலடி போவதற்குள்ளேயே குருநாதன், "எனக்குச் சரிங்க" என்றிருந்தார்.

புவனா அவரைப் பார்த்தாள். "நீங்க எதுவுமே கேக்கலையே."

"என்ன கேக்கணும்?"

"வேலை, வயசு, ஏன் இவ்வளவு நாள் ஆச்சு. எல்லாரும் கேப்பாங்க."

"ஜாதகத்துலயே இருந்துச்சுங்க. மத்தது கேட்டு என்ன ஆகப்போகுது?" அவர் குரலில் கிண்டல் இல்லை. "உண்மையச் சொல்றேன். இதுவரைக்கும் வந்த எல்லாருக்கும் நான் சரின்னுதான் சொன்னேன். அவங்கதான் வேணாம்னாங்க. உங்ககிட்டயும் அதே சரிதான். தப்பா எடுத்துக்காதீங்க."

"தப்பா எடுத்துக்கலை."

"உங்களுக்கும் அப்படித்தான்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. கல்யாணம் ஆயிட்டா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க பாருங்க. நான் ஷிப்ட் போயிருவேன். நீங்க வீட்ல இருப்பீங்க, வேலைக்குப் போறதுன்னாலும் போங்க. டிவி இருக்கு. எங்கம்மா மாடியில. பெருசா யாரும் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

அவர் சொன்னது ஒன்றும் தவறாக இல்லை. இத்தனை பேரில் நேர்மையாகப் பேசிய முதல் ஆள். வாக்குப்படி அவள் இப்போது தலையை அசைத்தால் போதும். அசைக்கவும்தான் நினைத்தாள்.

எதிர்ப் பிளாட்பாரத்தில் ஒரு ரயில் வந்து நின்றது. குருநாதன் அதைப் பார்த்தார். இறங்கியவர்களைப் பார்த்தார், ஏறியவர்களைப் பார்த்தார். ரயில் போன பிறகும் காலியான தண்டவாளத்தை அதே கண்களால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கொசு அவர் முழங்கையில் உட்கார்ந்து நிதானமாகக் கடித்தது. அவர் தட்டவில்லை. தெரிந்துதான் தட்டவில்லையா, தெரியவே இல்லையா என்று புவனாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த ஆளோடு ஒரு சாயங்காலம், பிறகு இன்னொரு சாயங்காலம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு அறை, டிவி, இரண்டு நாற்காலிகள். இரண்டிலும் இதே மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.

கை தானாகவே பைக்குள் எலுமிச்சம்பழத்தைத் தேடியது. கொடைக்கானல் பஸ் பெருமாள்மலை வளைவுகளில் திரும்பும்போது தேடுகிற அதே மாதிரி.

"இல்லைங்க, வேண்டாம்," என்றாள். "எனக்கு வேண்டாங்க. மன்னிச்சுக்கங்க."

குருநாதன் ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

"சரிங்க," என்றார். முதலில் சொன்ன சரிங்கவுக்கும் இதற்கும் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. எழுந்து, பெஞ்சில் வைத்திருந்த டிபன் பையை எடுத்துக்கொண்டு, படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

சேனாதிபதி அந்தக் கோடியில் போனில் பேசிக்கொண்டிருந்தார். புவனா பக்கத்தில் போனபோது அவர் முகம் இந்த மூன்று நாளில் பார்க்காத மாதிரி மலர்ந்திருந்தது. "ரெண்டு பேரும் நல்லாத்தான் பேசிட்டிருந்தாக. அவரு வாயாலயே சொன்னாரு, எனக்குச் சரின்னு. என் காதுல விழுந்துச்சுல்ல... ஆமா, நம்ம புள்ளதான் வாக்குக் குடுத்திருக்காளே... ஏய், மொதல்ல அழுகாத..."

"அப்பா. நான் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது, எங்கே போவது என்று தெரியாமல்.

"வாக்குக் குடுத்தியேத்தா."

"குடுத்தேன்."

"அந்தாளு சரின்னாருல்ல?"

"ஆமா."

போனுக்குள் விசாலாட்சி என்னங்க, என்னங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சேனாதிபதி போனை மகளிடம் நீட்டினார். அவரால் சொல்ல முடியாது என்பது தெரிந்தது.

"அம்மா, நான்தான். அவர் நல்ல ஆளுதாம்மா. எனக்குத்தான் வேண்டாம்."

"பாயசத்துக்குப் பாலு வாங்கியாரச் சொல்லிட்டேனேடி," என்றாள் விசாலாட்சி. "போனக் கையில வச்சுக்கிட்டே எதுத்த வீட்டுல எல்லாம் கூப்ட்டுச் சொல்லிட்டேனே."

"காப்பி போட்டுக் குடுங்கம்மா எல்லாருக்கும்."

"என்ன பேச்சு பேசுற நீ! நீ பேசுறதா இது?" அம்மா அழ ஆரம்பித்தாள், திட்டிக்கொண்டே அழுதாள். புவனா அணைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றாள். போனை இன்னொரு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

சேனாதிபதி மேம்பாலத்தைப் பார்த்தார். குருநாதன் படியேறி, அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

"அவருட்ட நீயே சொல்லிட்டியா, இல்ல நான் போயிச் சொல்லணுமா?"

"சொல்லிட்டேன்ப்பா."

"என்ன சொன்னாரு? ஏசுனாரா?"

"சரின்னாரு."

"கோவப்படலையா? ஏன்னுகூடக் கேக்கலையா?"

"இல்லப்பா."

சேனாதிபதி அந்த முதுகு சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்தார். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"அம்புட்டுதானா?" என்றார்.

"அம்புட்டுதாம்ப்பா."