பம்பைக் கழுவிவிட்டு வந்தவன்

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போதும் குழாயைக் கையில் பிடித்தபடிதான் நின்றான் ஓசி. முதல் மாடித் தளத்தின் விளிம்பில், கணுக்கால்வரை கலவைக்குள். கீழே அக்காவின் கணவரைத் தூக்கி உள்ளே தள்ளுகிறார்கள். இவன் கையில் ரப்பர் ஓஸ், அதன் வாயில் சொட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட். போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. பல வருஷப் பழக்கம், கை விடவில்லை.

கான்கிரீட் பம்பின் கடைசி முனையில் ஓஸ் பிடிப்பது அவன் வேலை. அதனால் வேலையிடத்தில் அவன் ‘ஓஸ்’. தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அது ‘ஓசி’ ஆகிவிட்டது. கல்யாணமும் ஆகாமல், தனியாக வீடும் பார்க்காமல், அக்கா வீட்டில் தங்கி அக்கா சமையலைச் சாப்பிடுகிற ஆம்பளைக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? எதிர்வீட்டுத் தையல்காரி வைத்த பேர் என்று கேள்வி. அவள் மறுக்கவில்லை. அவளுக்கு எதையும் மறுக்கிற வழக்கமில்லை.

பம்ப் மாமாவுடையது. எங்கேயோ கைமாறிக் கைமாறி வந்த பழைய சாமான். மாமா அதைத் தினமும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வைக்கிற அழகைப் பார்த்தால் எந்தப் பெண்டாட்டிக்கும் வயிறு எரியும். அக்கா அதைச் ‘சின்ன வீடு’ என்றுதான் சொல்வாள். மாமா தாமதமாக வந்தால், “சின்ன வீட்டைக் குளிப்பாட்டி முடிச்சாச்சாக்கும்” என்று வாசலிலேயே கேட்பாள். தெருவே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். அதற்குப் பிறகு அவள் குரலை இறக்கி இன்னொன்று கேட்பாள். அது தெருவுக்குக் கேட்காது. பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஓசிக்கு மட்டும் கேட்கும்.

“ரிவர்ஸ் போட்டுட்டுத்தானே கழட்டினீங்க?”

அதற்குக் காரணம் ஓசிதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய கெட்டிக்காரன் மாதிரி பைப்புகளை இணைக்கிற கிளாம்பைத் திறக்கப் போனான். மாமா ஓடி வந்து விட்ட உதையில் அவன் மணல் குவியலில் போய் விழுந்தான். உள்ளே அழுத்தம் நிற்கும்போது கிளாம்பைத் திறந்தால் கலவையும் கல்லும் சீறிக்கொண்டு வரும். எதிரே இருக்கிற மூஞ்சி மூஞ்சியாக இருக்காது. பம்பைப் பின்னோக்கி ஓட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். அன்று சாப்பிடும்போது மாமா இதை வேடிக்கையாகச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து வாசலில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. ஓசியை மாமா அப்புறம் கிளாம்ப் பக்கமே விடவில்லை.

இன்றைக்கு மாமா பம்பின் பக்கத்தில் நின்று ஓட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைத் தடவினார். பம்பில் கலவை கொட்டுகிற தொட்டியின் விளிம்பில் தலையைச் சாய்த்தார். களைப்பு என்று எல்லோரும் நினைத்தார்கள். அப்படியே சரிந்துவிட்டார்.

ஓசி படியிறங்கி வருவதற்குள், மாமாவோடு சைட் எஞ்சினியரையும் ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. மேஸ்திரி வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தார்.

“வெயிலப் பாத்தியா? பைப் முழுக்க கான்கிரீட் மால் நிக்குது. போறதுன்னா போ, என் வண்டிய எடுத்துக்க. ஆனா நீ திரும்பி வரும்போது இது பம்பா இருக்காது. கல்லாயிரும்.”

“உங்க ஆளுங்க யாராவது...”

“உங்க மாமா யாரைக் கிட்ட விட்டாரு? உன்னையே விடலயே.”

ஓசி சாலையைப் பார்த்தான். பிறகு பம்பைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் அவன் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அங்கே போய் வராந்தாவில் நிற்கலாம். நின்றால் மனுஷன் என்று சொல்வார்கள். இந்தச் சனியன் இறுகிப்போனால் அக்காவுக்கு மிஞ்சுவது ஒரு பெரிய இரும்புப் பாறை. அவன் சட்டையைக் கழற்றினான்.

தினமும் பார்த்த வேலைதான். பார்த்ததற்கும் செய்வதற்கும் எத்தனை தூரம் என்பது கை கிளாம்பின் பிடியில் பட்டபோது தெரிந்தது. நெம்பப் போனான். இந்த இடத்தில் பின்னாலிருந்து ஒரு வசவு வந்திருக்க வேண்டும். “முண்டம், கையை எடு” என்றாவது கேட்டிருக்க வேண்டும். கலவை லாரியின் டிரம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வசவு வராததுதான் அவன் கையை நிறுத்தியது. பிடியை விட்டுவிட்டு எழுந்து போய் ரிவர்ஸ் போட்டான். பைப் ஒருமுறை உதறி அடங்கியது. உட்கார வேண்டும்போல இருந்தது. உட்காரவில்லை.

தொட்டியின் அடிக்கதவைத் திறந்து மிச்சத்தைக் கொட்டினான். கிளாம்பைக் கழற்றி, நனைத்த பஞ்சுப் பந்தைப் பைப்புக்குள் திணித்து மறுபடி பூட்டினான். தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஓட்டினான். தண்ணீர் பந்தைத் தள்ள, பந்து கலவையைத் தள்ள, மேலே போய் விழ வேண்டும். மேலே உட்கார்ந்து பந்தைப் பொறுக்குவதுதான் இத்தனை நாளும் அவன் வேலை. இன்று மேஸ்திரி மேலே போயிருந்தார்.

பந்து விழுந்துவிட்டது என்று மேலிருந்து குரல் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மேஸ்திரியே பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார். மேஸ்திரி தன் கையால் எதையாவது தூக்கி வந்தால் அது நல்ல சேதியாக இருக்க முடியாது.

“எஞ்சினியர் போன் பண்ணாரு” என்றார். “வழியிலயே...”

ஓசி பந்தை வாங்கி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தான். சாம்பல் தண்ணீர் வந்தது. தெளிகிற வரைக்கும் பிழிந்தான். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, தொட்டிக்குள் தலையை விட்டு, கலக்கும் துடுப்புகளில் ஒட்டியிருந்ததைச் சுரண்ட ஆரம்பித்தான். மேஸ்திரி தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்தச் சுரண்டலைத்தான் தெருவால் பொறுக்க முடியவில்லை. சேதி தெரிவதற்கு முன் கழுவினான், சரி. தெரிந்த பிறகுமா? ஒரு மூலை விடாமல் கழுவி, எண்ணெய் வேறு தடவினானாமே. பம்ப் இனி தன் கைக்கு வந்துவிடும் என்ற கணக்கு என்று தையல்காரி சொன்னாள். சொல்லிவிட்டு, தான் அப்படிச் சொல்லவில்லை, ஊர் சொல்லும் என்றாள். வேலையிடத்திலிருந்து யார் மூலமாக இது அவனுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்று கேட்கக் கூடாது. வந்துவிட்டது.

அவன் வரும்போது வாசலில் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. மாமாவின் அண்ணன் முதல் நாற்காலியில் இருந்தார்.

“வாங்க. பொணத்தைப் பாக்க இப்பத்தான் நேரம் கெடச்சுதா?”

நாற்காலிகள் எல்லாம் திரும்பின. ஓசி உள்ளே போனான். வழிவிட்ட பெண்கள், சேலையில் சிமெண்ட் பட்டுவிடும் என்பதுபோல ஒதுங்கினார்கள்.

கூடத்தில் மாமா படுத்திருந்தார். தலைமாட்டில் அக்கா. அவள் இன்னும் அழவில்லை என்பதைப் பற்றிச் சமையலறையில் தனியாக ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“கழுவிட்டியா?”

தையல்காரி புருவத்தை உயர்த்திப் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

“கழுவிட்டேன்க்கா.”

அக்கா அவனைக் கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தாள். அவன் குனிந்தான். அவள் குரலை இறக்கினாள்.

“ரிவர்ஸ் போட்டுட்டுத்தானே கழட்டினே?”

போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை.

“மறந்துட்டேன்க்கா. கிளாம்புல கை வச்சுட்டு, அப்புறந்தான்...”

அவள் ஓங்கி அவன் தோளில் அறைந்தாள். மறுபடி அறைந்தாள். அறைந்த கையை எடுக்காமல் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வாசலில் மாமாவின் அண்ணன் தலையை ஆட்டினார். தாமதமாக வந்ததற்குச் சரியான கூலி என்று தெருவுக்குத் திருப்தி.

கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. அக்கா மாமாவின் தலையை லேசாகத் திருப்பினாள். முகத்தையெல்லாம் யாரோ துடைத்திருந்தார்கள். தொட்டியில் சாய்ந்த பக்கத்துக் காது மடிப்பில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

“நானும் தொடச்சுப் பாத்தேன். போகல.”

ஓசி விரலால் தொட்டுப் பார்த்தான். இறுகிவிட்டிருந்தது. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் கேட்டான். துணியை நனைத்துக் காதின் மேல் வைத்து ஊறவிட்டான். பிறகு கட்டைவிரல் நகத்தால் ஓரத்திலிருந்து சுரண்டினான். பொடிப் பொடியாக வந்தது.

“மெதுவா” என்றாள் அக்கா. “காதத் தொட்டா அவருக்குக் கூசும்.”

அவன் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தான்.