ஆசை கரைத்த தண்ணீர்

"வாயத் தொறண்ணே, நம்ம காட்டு மண்ணுதாண்ணே" என்று சொல்லிக்கொண்டே ராக்கம்மாள் கலங்கல் தண்ணீரைக் கரண்டியில் எடுத்து அண்ணன் வாயில் விட்டாள். பாதி உள்ளே போயிற்று, பாதி காதோரம் வழிந்தது. சூர்யகலா அதைத் துண்டால் துடைத்தாள். அப்பாவின் நெஞ்சு மேலே ஏறி நின்றது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கொர்ரென்ற சத்தத்தோடு இறங்கியது.

"மண்ணாசை இல்ல" என்றாள் ராக்கம்மாள், துணிக்கடைக்காரன் ஒரு சேலையை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிற மாதிரி. "பொன்னாசை பாப்பம். ஒங் காதுல கெடக்குறதக் கழத்துத்தா."

சூர்யகலா தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் கையை விரித்து, வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி நாலு நாளாகிறது. இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிருக்கு ஏதோ ஓர் ஆசை மிச்சமிருக்கிறது, அது எதுவென்று பார்த்துத் தண்ணீரில் கரைத்துப் புகட்டினால் நிம்மதியாய்ப் போய்விடும் என்பது ஊர் வழக்கம். வேறு யார் வீடாக இருந்தாலும் அவள் ஒன்றும் நினைத்திருக்கமாட்டாள். ஆனால் இங்கே கிடப்பவர் ரங்கசாமி. பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்த நேரம் போக, மீதி ஆயுளையெல்லாம் பஜனை மடத்தில் உட்கார்ந்து ஆசையை விடச் சொல்வதிலேயே கழித்தவர். பற்று அறுத்தவனுக்குச் சாவு, பழம் காம்பைவிட்டு உதிர்வது போல என்பார். மலைக்கோட்டைக்குக் கீழே அத்தனை தெருவும் அவரைச் சாமி என்றுதான் கூப்பிட்டது. இப்போது பழமும் உதிரவில்லை, காம்பும் விடவில்லை. வருகிறவர்கள் பார்த்துவிட்டு, வெளியே போய்க் குசுகுசுவென்று பேசுகிறார்கள்.

மடத்தில் தாளம் போடுகிற ஈஸ்வரனுக்குத்தான் இது தாங்கவில்லை. காலையிலிருந்து வாசற்படியில் நின்றபடி நாமம் சொல்லிக்கொண்டிருந்தவர், தோடு தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டு உள்ளே வந்தார்.

"சாமி நிஷ்டையில இருக்காங்கம்மா. அவங்களுக்குப் போயி இதெல்லாம் எதுக்கு?"

"நிஷ்டையில இருக்குறவுக எதுக்குப்பா இம்புட்டு மூச்சு வாங்குறாக?" என்றாள் ராக்கம்மாள்.

சூர்யகலாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே கசந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே ஜன்னலுக்குக் கீழே அவள் மகள் அம்பிகா கிடந்தாள். ஐந்து வயது. மூளைக் காய்ச்சல் என்று கண்டுபிடிப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. புதைத்துவிட்டு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்ட கையோடு அப்பா சொன்னார்: "அவ வந்த கணக்கு முடிஞ்சிருச்சு, போயிட்டா. நீ அழுவுறது பிள்ளைக்காக இல்லத்தா, ஒன்னோட பற்றுக்காக." சொல்லிவிட்டு மடத்துக்குப் போனார். அன்று ராத்திரி பஜனையில் அவர் குரல் பிசிறவே இல்லையாம். பேத்தியைப் புதைத்த அன்றைக்கே பாடிய ஞானி என்று ஊர் மெச்சியது. மூன்றாம் நாள் பிள்ளையின் பாவாடை, சிலேட்டு எல்லாவற்றையும் வாரிக் கண்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார். வருஷம் திரும்புவதற்குள் சூர்யகலாவின் புருஷனும் அவன் ஊரோடு போய்விட்டான். அவள் இங்கேயே தங்கி அப்பாவுக்குச் சோறு பொங்கினாள், வேட்டி துவைத்தாள்.

ஒரு கேள்வி மட்டும் தொண்டையிலேயே நின்றது. அன்றைக்கு உங்களுக்கு வலிக்கவே இல்லையா அப்பா? கேட்டிருக்கலாம். எத்தனையோ தடவை ரசம் ஊற்றும்போது வாய்வரை வந்தது. வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று முழுங்கினாள். போன மாதம் வாதம் வந்து அவர் நாக்கு விழுந்தது. இனிக் கேட்டும் பிரயோசனம் இல்லை.

துன்பமெல்லாம் பாடம் என்பார் அவர். யாருக்குப் பாடம்? அம்பிகாவுக்கா? அதைப் படித்துவிட்டு அந்தப் பிள்ளை எங்கே போய் எழுதப்போகிறது? சூர்யகலாவுக்கென்றால் அவள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. பதினோரு வருஷமாய் உள்ளுக்குள் எரிச்சல்தான் மிச்சம். சாமி கும்பிடும்போதுகூட அவள் எதையும் கேட்பதில்லை, முறைத்துவிட்டு வந்துவிடுவாள்.

பொன்னாசையும் இல்லை. செத்துப்போன அம்மாவின் சுங்கடிச் சேலை முந்தானையை நனைத்துப் பிழிந்ததும் வீண். குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரமாயிற்று. குடத்தின் அடியில் கிடந்த நல்ல தண்ணீர்தான் இப்படிக் கரண்டி கரண்டியாய்த் தீர்ந்துகொண்டிருந்தது.

ராக்கம்மாள் அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏத்தா, அந்தப் பிள்ள சாமான் ஏதாச்சும் கெடக்கா?"

"எந்தப் பிள்ள?"

"அம்பிகாதான்."

"அதான் எல்லாத்தையும் குடுத்து முடிச்சாரே."

சொன்னாளே ஒழிய, அவள் பெட்டிக்குள் ஒற்றைக் கொலுசு ஒன்று இருந்தது. மணி உதிர்ந்த கொலுசு. அப்பா கண்ணில் படாமல் அன்றே எடுத்து ஒளித்தது. அதைக் கரைத்து ஊற்றினால்? அந்தத் தண்ணீருக்கு அவர் உயிர் போய்விட்டால், இத்தனை வருஷமும் அவர் நெஞ்சில் பிள்ளை இருந்திருக்கிறாள் என்று அர்த்தம். அப்படியென்றால் தன்னைத் தனியாக அழவிட்டாரே, அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது? போகாவிட்டால், அவருக்கு அம்பிகா ஒரு பொருட்டே இல்லை. இரண்டில் எதைத் தாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்பாவைப் பார்த்தாள். பாதி திறந்த கண் ஜன்னல் பக்கம் நிலைகுத்தியிருந்தது. எதுவானாலும் ஆகட்டும், கேட்டுவிடுவோம் என்று எழுந்தாள்.

"செத்த இருங்கத்தே. இந்தா வாரேன்."

பெட்டியின் அடியில் துணிகளுக்குள் கை விட்டுத் துழாவி எடுத்தாள். கொலுசு கறுத்துப்போய்க் கிடந்தது. அடுப்படிக்குப் போய்க் குடத்தைச் சாய்த்தபோது ஒரு டம்ளர்தான் தேறியது. கொலுசை அதில் போட்டாள். விரலால் தேய்த்தாள், இன்னும் கொஞ்சம் தேய்த்தாள். எதற்காகத் தாமதிக்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது.

"அண்ணே!" என்று ராக்கம்மாளின் குரல் வீட்டைப் பிளந்தது.

அவள் ஓடி வந்தபோது நெஞ்சு அடங்கிவிட்டிருந்தது. கொர்ரென்ற சத்தம் நின்றுபோன அறையில் சைக்கிள் மணி தெருவிலிருந்து துல்லியமாகக் கேட்டது.

"மண்ணாசைதாண்டி!" ராக்கம்மாள் அழுகைக்கு நடுவே சொன்னாள். "நீ அங்கிட்டுப் போனதும் மனசு கேக்காம இன்னொரு கரண்டி ஊத்துனேன். பொட்டுன்னு போயிட்டாக. அந்தக் காட்ட வித்தது நெஞ்சுலயே கெடந்திருக்கு."

"இல்லம்மா" என்றார் ஈஸ்வரன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் நாமத்தச் சொல்லி முடிக்கவும் சாமி தானா அடங்குனாங்க. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

இருவருக்கும் விடை கிடைத்துவிட்டது. சூர்யகலாவுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. நாலு நாள் இழுத்துக் கிடந்த மனுஷனுக்கு இன்னும் ஒரு நிமிஷம் பொறுக்கக்கூடாதா? எப்போதும் இப்படித்தான். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் மடத்துக்கு நேரமாச்சு என்று துண்டை உதறித் தோளில் போடுவார்.

ராக்கம்மாள் துணியைக் கிழித்துக் கால் கட்டை விரல்களைச் சேர்த்துக் கட்டினாள். நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள்.

"கையில என்னத்தா?"

"தண்ணி."

"இனி எதுக்கு? கீழ ஊத்திட்டு, ஆளுகளுக்குச் சொல்லி விடு."

சூர்யகலா டம்ளரை உயர்த்தினாள்.

"ஏடி, பொணத்தத் தூக்காம யாராச்சும் பச்சத்தண்ணி பல்லுல பட விடுவாகளா?"

அவள் குடித்தாள். டம்ளரைச் சாய்க்கச் சாய்க்கக் கொலுசு நழுவி வந்து உதட்டில் இடித்தது. அதை உதட்டாலேயே தடுத்து நிறுத்திக்கொண்டு, மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தாள்.