மூன்று வாரம் பொறுத்திருந்தால்

பல்கலைக்கழகத்தில் அவள் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவளை ‘வாய்ப்பூட்டு’ என்றுதான் சொல்வார்கள். ஆராய்ச்சிகளை மருந்தாக, கருவியாக, கம்பெனியாக வெளியே கொண்டுபோகும் அலுவலகத்துக்கு அவள்தான் தலைமை. எதையாவது புதிதாகக் கண்டுபிடித்துவிட்டு வாயெல்லாம் பல்லாக ஓடி வருகிறவர்களிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, “இதை வெளியில யார்கிட்டயாவது சொன்னீங்களா?” என்பது. வாழ்த்துச் சொல்வதெல்லாம் அதற்கப்புறம்தான்.

“வீட்டுக்காரர்கிட்ட சொல்லலாமா மேடம்?” என்று ஒருமுறை ஓர் ஆராய்ச்சியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“அவருக்கு வாய் எப்படி?”

“ஊருக்கே ஒலிபெருக்கி மேடம்.”

“அப்ப காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டதுக்கப்புறம் சொல்லுங்க. அதுவரைக்கும் சமையல் பத்திப் பேசுங்க.”

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவள் ஏன் இப்படி ஆனாள் என்பது அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியாது.

பதினோரு வருடத்துக்கு முன்பு அவள் வெறும் உயிர்வேதியியல் பேராசிரியர். சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே உடம்பில் ஒரு நொதி இருக்காது. அது இல்லாததால் ஒருவகைக் கொழுப்பு நரம்புகளில் சேர்ந்துகொண்டே போகும். ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை நாலு வயதில் தடுமாறும், ஐந்தில் உட்கார்ந்துவிடும், கடைசியில் விழுங்கவே மறந்துவிடும். அபூர்வமான நோய் என்பதால் எந்த மருந்துக் கம்பெனியும் திரும்பிப் பார்த்ததில்லை. அவள் ஒன்பது வருடம் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த நொதியை ஆய்வுக்கூடத்தில் செய்து, அதில் ஏழு இடங்களை மாற்றி, மூளை வரைக்கும் போய்ச் சேருகிற மாதிரி ஆக்கினாள். பின்னங்காலை இழுத்துக்கொண்டு கிடந்த எலி ஒன்று அந்த நொதியை ஊசியில் போட்ட ஆறாவது வாரம் கூண்டுக் கம்பியைப் பிடித்து ஏறியபோது, நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் அவளுடைய மாணவன், பக்கத்து ஆய்வுக்கூடத்துக்காரர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வருகிற அளவுக்குக் கத்தினான்.

காப்புரிமை வழக்கறிஞர் கண்டிப்பானவர். “விண்ணப்பம் போடற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. கட்டுரை கிடையாது, கூட்டம் கிடையாது, கேன்டீன்ல கூடப் பேசக்கூடாது. முன்னாடியே வெளிய தெரிஞ்சுட்டா காப்புரிமை கிடைக்காது. மூணே மூணு வாரம்.”

“மூணு வாரம் என்ன, மூணு மாசம் கூட இருப்பேன்” என்றாள் அவள்.

அந்த மூன்று வாரத்தின் முதல் சனிக்கிழமையே அந்த நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் சங்கத்தில் அவள் பேச வேண்டியிருந்தது. எப்போதோ ஒத்துக்கொண்டது. நோயைப் பற்றிப் பொதுவாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று போனாள். மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் ஒரு கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது பேர். முன்வரிசையில் ஒரு தையற்காரர், பக்கத்தில் அவருடைய ஐந்து வயது மகள். அவளை எல்லாரும் சிட்டு என்றார்கள். கழுத்து நிற்காத அந்தப் பிள்ளைக்காக அவரே பஞ்சு வைத்து, வார் வைத்து, பூப்போட்ட துணியில் நாற்காலிக்கு மெத்தை தைத்திருந்தார். தையல் அவ்வளவு நுணுக்கம்.

பேச்சு முடிந்ததும் அவர் எழுந்தார். “ஏதாவது வருமா மேடம்? இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடுங்க, தாங்கிக்குவோம். ஒண்ணுமே தெரியாம உட்கார்ந்திருக்கோமே, அதத்தான் தாங்க முடியல.”

வழக்கறிஞர் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. நன்றாக ஞாபகம் இருந்தது. ஆனால் அந்த முப்பது முகங்களுக்கு முன்னால் “இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது” என்ற ஒரு வரி அவள் தொண்டையை விட்டு வரவில்லை. கணினியைத் திறந்தாள். எலி ஏறுவதைக் காட்டினாள். எப்படி என்று ஒருவர் கேட்க, எந்த ஏழு இடங்களை மாற்றினாள் என்கிற பட்டியலையும் திரையில் போட்டு அரைமணி நேரம் விளக்கினாள். ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வராத பெற்றோர்களும் பார்க்கட்டும் என்று தையற்காரர் முழுவதையும் கைபேசியில் படம் பிடித்து, அன்றைக்கே இணையத்தில் போட்டார். ‘நம் பிள்ளைகளுக்கு மருந்து வருகிறது’ என்று தலைப்பும் கொடுத்தார்.

விண்ணப்பம் போட்டார்கள். கம்பெனி தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் பின்பக்கத்தில் இரண்டு அறை, ஒரு குளிர்பெட்டி, நாலு பேர். முதலீட்டாளர்கள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். பதினாலு மாதம் கழித்துக் காப்புரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விண்ணப்பத்துக்கு முன்பே இந்த விவரம் பொதுவெளியில் இருந்திருப்பதால் காப்புரிமை தர இயலாது என்று எழுதி, கீழே அந்த வீடியோவின் முகவரியையும் தேதியையும் குறித்திருந்தார்கள்.

அவள் உடனே வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். அவளுடைய குரல் தெளிவாக, சந்தோஷமாகக் கேட்டது.

“இத யாரு மேடம் போட்டது?” என்றான் நெட்டை.

தெரிந்துகொண்டே, “தெரியலப்பா” என்றாள்.

அப்புறம் வந்த ஒவ்வொரு முதலீட்டாளரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “நாளைக்கு இன்னொருத்தர் இதையே செஞ்சா உங்களால தடுக்க முடியுமா?”

“செய்யட்டுமே சார். யார் செஞ்சா என்ன, பிள்ளைங்க பிழைச்சாப் போதும்.”

“யார் வேணும்னாலும் செய்யலாம்னா யாருமே செய்ய மாட்டாங்க மேடம்” என்றார் ஒருவர். கெட்ட மனிதர் இல்லை. வருத்தத்தோடுதான் சொன்னார். அரிய நோய்களுக்கு அரசு தரும் சலுகைகளைச் சொல்லிப் பார்த்தாள். அவை மருந்து சந்தைக்கு வந்த பிறகுதான் காப்பாற்றும். அதுவரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்க யாரும் முன்வரவில்லை. கடைசியில் கம்பெனியை மூடினார்கள். நெட்டை ஒரு சலவைத்தூள் கம்பெனியில் சேர்ந்தான். கறையைக் கரைக்கவும் நொதி வேண்டுமே.

மூடி நாலு மாதம் ஆனபோது தையற்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். “மேடம், சிட்டு போயிட்டா.” அப்புறம், “நீங்க மட்டும் நிறுத்திடாதீங்க மேடம். மத்த பிள்ளைங்க இருக்கு” என்றார். கம்பெனியை மூடியதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “சரிங்க” என்றாள்.

அந்த வருடமே ஆய்வுக்கூடத்தை விட்டுவிட்டு இந்த அலுவலகத்துக்கு வந்தாள். “உனக்கென்ன பைத்தியமா? ஃபைல் தள்றதுக்கா இத்தனை படிச்ச?” என்று கணவர் கேட்டார். “இனிமே ஒருத்தரும் என்ன மாதிரி உளறக்கூடாது” என்று ஒற்றைக்காலில் நின்றாள். தீக்காயத்துக்கு ஒரு கட்டுத்துணி, காசநோய்க்கு ஒரு பரிசோதனை என்று எட்டு வருடத்தில் பதினேழு கண்டுபிடிப்புகளை வெளியே அனுப்பினாள். மாநாடுகளில் மேடையேற்றிப் பாராட்டினார்கள். சொந்த ஆராய்ச்சி என்னவாயிற்று என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

போன மாதம் ஒரு காலையில் தையற்காரர் அவள் அறை வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. இப்போது பெற்றோர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். உட்காரச் சொன்னாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார்.

“மருந்து என்னாச்சுன்னு புதுசா சேர்ந்த பெத்தவங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. உங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு வேற ஒரு ஆராய்ச்சிக்காரருக்கு எழுதிக் கேட்டேன். பதில் போட்டிருக்காரு.” காகிதத்தைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தார். “ஏதோ ஒரு வீடியோ முன்னாடியே வெளிய வந்துட்டதால காப்புரிமை கிடைக்கலயாம். கம்பெனியே மூடிட்டாங்களாம். என்னோட வீடியோவா மேடம்?”

இந்தக் கேள்விக்கு எட்டு வருடமாக அவள் பதில் தயாரித்து வைத்திருந்தாள். வேறு காரணங்கள், நச்சுத்தன்மை, பெரிய கம்பெனிகளின் போட்டி என்று நாலைந்து பொய். ஒன்றும் நாக்கில் ஏறவில்லை.

“ஆமா” என்றாள். “ஆனா பேசினது நான். பேசாதேன்னு எனக்குத்தான் சொல்லியிருந்தாங்க. உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லல.”

“நான் போடாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதில்ல?”

அவள் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“என் பொண்ணு இருந்திருப்பாளா?”

“இல்லங்க. எல்லாம் நல்லபடியா நடந்திருந்தாலும் பத்து வருஷம் ஆகியிருக்கும். சிட்டுவுக்குக் கிடைச்சிருக்காது. இது சத்தியம்.”

அவர் தலையசைத்தார். விரல்கள் காகிதத்தின் மடிப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தன. “பத்து வருஷம்னா இப்ப வந்திருக்கும்” என்றார் மெதுவாக.

அறைக்கு வெளியே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள்.

“என்கிட்ட சொல்லியிருக்கணும் மேடம். அந்த வீடியோவ இன்னும் பாக்கறாங்க. பாத்துட்டு எனக்கு போன் பண்றாங்க. வரும், பொறுத்திருங்கன்னு இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன்.”

“உங்க மனசு தாங்காதுன்னு...”

“தாங்கிக்குவோம்னு அன்னைக்கே சொன்னேனே.”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தாள். போகவில்லை. அவள் அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை நம்ம கடைக்கு வாங்க. எல்லாரையும் வரச் சொல்றேன். நீங்களே சொல்லிடுங்க. என் வாயால என்னால முடியாது” என்றார்.

போனாள். தையல் இயந்திரங்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். பதினோரு பெற்றோர். என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொன்னாள். வீடியோ யார் எடுத்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். “நான்தான் எடுத்தேன்” என்று தையற்காரர் பின்னாலிருந்து சொன்னார்.

யாரும் கத்தவில்லை. கத்துவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையனை மடியில் வைத்திருந்த ஓர் இளம் தாய் மட்டும், “அப்ப நாங்க யார்கிட்டப் போய்க் கேக்கறது மேடம்?” என்றாள்.

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். பையனின் தலை ஒருபக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. அந்தத் தாய்க்குக் கை வலித்திருக்க வேண்டும். அவள் போய் அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் கழுத்துக்குப் பின்னால் தன் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கேட்ட கேள்விகளுக்கு அப்படியே உட்கார்ந்தபடி பதில் சொன்னாள்.