ஐந்தாம் சேனல்

வாக்கி-டாக்கியை ஆன்டெனாவைப் பிடித்துத் தூக்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூனைக்குட்டியா அது, கழுத்தைப் பிடித்துத் தூக்க? அந்தக் குச்சி அடியில் தளர்ந்துவிட்டால் குரல் பாதி வரும், பாதி வராது. பாதிக் குரலை நம்பி இரண்டு டன் கம்பிக்கட்டை ஆட்கள் நடமாடும் இடத்தில் இறக்கு என்றால் நான் என்ன செய்வேன்? நான் டவர் கிரேன் ஓட்டுகிறவள். பதினோரு வருடமாக ஓட்டுகிறேன். தரையிலிருந்து அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தாலே நிறைந்துவிடுகிற கண்ணாடிக் கேபினுக்குள் இருப்பேன். கீழே நின்று கொக்கியில் சரக்கை மாட்டி, தூக்கு, திருப்பு, இறக்கு என்று எனக்குச் சொல்கிற சிக்னல்காரர் என் வீட்டுக்காரர்.

ஒரே வேலையில் புருஷனும் பெண்டாட்டியுமா என்று கேலி பேசாத ஆள் கிடையாது. "வீட்டுல அந்தம்மா சொல்லும், இவரு கேப்பாரு. இங்க இவரு சொல்றாரு, அந்தம்மா கேக்குது. கணக்கு நேர் ஆயிடுச்சுப்பா" என்பார் கம்பி கட்டுகிற மீசைக்காரர். அவர் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். வீட்டில் நான் அவரை "என்னங்க" என்றுதான் கூப்பிடுவேன். வாக்கி-டாக்கியில் அப்படிக் கூப்பிட்டால் என்ன ஆவது? அதனால் அங்கே நான் "மேலே", அவர் "கீழே".

இந்தத் தளத்துக்கு வாக்கி-டாக்கி வாங்கியதே ஒரு சண்டையில்தான். இன்ஜினியர் ஒரு படத்தை நீட்டினார். கலர் திரை, டார்ச் லைட், பாட்டு கேட்கிற வசதி எல்லாம் அதில் இருந்தது. "சோறு வடிக்குமா சார்?" என்று கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அவ்வளவு தெரிஞ்சா நீங்களே பாத்து வாங்கிட்டு வாங்க" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

நானும் வீட்டுக்காரரும் கடைக்குப் போனோம். வேலைக் கையுறையைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு செட்டின் பேசும் பட்டனையும் அமுக்கிப் பார்த்தேன். முக்கால்வாசி செட்டில் விரலுக்குப் பட்டன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. கடைசியில் திரையும் கிரையும் இல்லாத, தலையில் திருகு மட்டும் உள்ள, கீழே போட்டால் தரைதான் உடையும் என்கிற மாதிரி கனமான செட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று பேட்டரி. ஆறு செட்டையும் வரிசையாக நிறுத்தி ஒரே நேரத்தில் சார்ஜ் போடுகிற தட்டு. அவருக்குத் தோளில் மாட்டும் மைக், கயிறு பிடிக்க இரண்டு கையும் வேண்டுமே. எனக்கு ஹெல்மெட்டுக்கு அடியில் போகிற காது ஒலிப்பான், மோட்டார் இரைச்சலில் வேறு எதுவும் எடுபடாது.

அவர் அந்தத் தோள் மைக்கை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடி முன்னால் போய் நின்றார். "போலீஸ்காரன் மாதிரி இருக்கேன்ல?"

"போலீஸ் பிடிச்ச ஆள் மாதிரி இருக்கீங்க."

கடைக்காரர் அதற்குள் என்னிடம் முக்கியமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். "பக்கத்துல வேற வேலை நடந்தா அவங்க பேச்சும் உங்க செட்டுல விழும். ரகசிய எண்ணுன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டுட்டா விழாது. ஆனா ஒண்ணும்மா, பேருதான் ரகசியம். அது உங்க காதைத்தான் மூடும். ஊர்ல இருக்கறவங்க காதை மூடாது. இதோ இந்தப் பக்கத்து பட்டனை அமுக்கிப் பிடிச்சா, எண்ணு தெரியாதவங்களுக்கும் எல்லாம் கேக்கும். பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா என்ன?"

செட்டுகள் வந்த அன்றே இன்ஜினியர் ஐந்தாம் சேனலுக்கு ஒரு ரகசிய எண் போட்டுத் தனக்கும் என் வீட்டுக்காரருக்கும் வைத்துக்கொண்டார். "இது நம்ம தனி லைன். ஈ காக்காவுக்குக் கேக்காது." நான் கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். "எனக்கே பாடமா?" என்று சிரித்தார். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். "சரி சரி" என்றார். பெண்டாட்டி சொன்னது எந்தப் புருஷன் காதில் ஏறியிருக்கிறது? அன்றிலிருந்து அவர் இடுப்பில் இரண்டு செட் தொங்கும். ஒன்று முதல் சேனலில் எனக்கு, இன்னொன்று ஐந்தில் இன்ஜினியருக்கு. முதல் சேனலில் வேறு யாரும் நுழையக் கூடாது என்று நான் சட்டமே போட்டிருந்தேன். அதில் நாங்கள் இரண்டே பேர்.

சரக்கு என் கண்ணுக்கு மறைவாக இறங்கும்போது எங்களுக்கு ஒரு முறை உண்டு. அவர் வாய் ஓயாமல் "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் நின்றால் அந்த நொடியே நான் நிறுத்திவிடுவேன். அவர் தும்மினாலும் நிற்கும், பேட்டரி செத்தாலும் நிற்கும். ஆக, அவர் குரல் ஓடுகிறது என்றால் அவர் கண் சரக்கின் மேல் இருக்கிறது என்று அர்த்தம். அதை நம்பித்தான் பதினோரு வருடமும் இறக்கினேன். ஒரு ஆளுக்கு ஒரு கீறல் விழுந்தது கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத் தண்ணீர்த் தொட்டிச் சுவருக்குப் பின்னால் கம்பிக்கட்டு இறங்கிக்கொண்டிருந்தது. "இறக்கு, இறக்கு, இறக்கு" என்று தாலாட்டு மாதிரி ஒரே சீராகக் குரல் வந்தது. நானும் இறக்கினேன். அதே மைக்கில் அலறலும் வந்தது. மீசைக்காரருடைய வலது பாதத்தின் மேல் கட்டு உட்கார்ந்துவிட்டது.

மருத்துவமனை நடைபாதையில் என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து குந்தி அழுதார். "இன்ஜினியர் கூப்பிட்டாரு. திரும்பிட்டேன். திரும்பினவன் வாயை மூடியிருக்கணும், பழக்கத்துல வாய் பாட்டுக்குச் சொல்லிட்டே இருந்துச்சு. என் தப்புதான். நாளைக்குப் பாதுகாப்பு ஆய்வாளர் வர்றாரு, அவர்கிட்ட அப்படியே சொல்லிடறேன்."

"சொல்லிடுங்க. உள்ளதைச் சொன்னா ஒரு மாசம் வேலை இல்லாம இருக்கும், அவ்வளவுதான். நான் இருக்கேன்ல?" என்று சொல்லி, என் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நானே அவர் முகத்தைக் கழுவிவிட்டேன். அந்தக் கையை இப்போது நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வருகிறது.

மறுநாள் காலை ஆய்வாளர் கிரேன் பதிவேட்டைக் கேட்டார். அது மேலே கேபினில் இருந்தது. முழங்கால் வலியோடு ஏணியில் ஏறினேன். மேலே போனதும் செட்டைப் போட்டு, ஒவ்வொரு சேனலாகத் திருப்பி, பக்கத்து பட்டனை அமுக்கிப் பார்த்தேன். குறுக்கே வேறு யாராவது பேசுகிறார்களா என்று தினமும் பார்க்கிற வழக்கம்தான், அன்று கிரேன் ஓடாது என்பது கைக்குத் தெரியவில்லை. ஐந்தாம் சேனலில் இன்ஜினியர் பேசிக்கொண்டிருந்தார்.

"உன் தப்புன்னு சொன்னா, யாரு கூப்பிட்டான்னு கேப்பாங்க. நான்தானே கூப்பிட்டேன்? ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். நீ நிறுத்துன்னு சொன்னே, அந்தம்மா நிறுத்தல. அதோட முடிஞ்சுது. அடுத்த மாசம் நீ ஃபோர்மேன்."

"அவளுக்கு லைசென்ஸ் போயிடுமே சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"போனா என்னய்யா? வீட்டுல ஒரு ஆள் இருக்கட்டுமே."

மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"அதுவும் சரிதான் சார். அவளுக்கும் முழங்கால் வலி. முன்ன மாதிரி ஏற முடியல."

பாவி! ராத்திரி ராத்திரி அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டது இவர்தான். லைசென்ஸ் என்பது வெறும் அட்டை இல்லை. ஆளைக் காயப்படுத்தினவள் என்று எழுதிப் பறித்துவிட்டால் அப்புறம் எந்தத் தளத்திலும் என்னை ஏணிப் பக்கமே விடமாட்டார்கள். அது அவருக்குத் தெரியாதா?

ஏணி அடியில் நின்றுகொண்டிருந்தார். நான் இறங்கியதும் பதிவேட்டை வாங்கிக்கொண்டு, என் ஹெல்மெட் வாரைத் தளர்த்திவிட்டார். "பாத்து இறங்கக் கூடாதா? மூச்சு வாங்குது பாரு."

"உள்ள என்ன சொல்லப்போறீங்க?"

"நேத்து சொன்னேன்ல? உள்ளதைத்தான். நீ ஏன் கவலைப்படறே?"

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். ஒருவேளை நான் இறங்கி வருவதற்குள் மனசு மாறியிருக்கும் என்று முட்டாள் நானும் நம்பினேன். கேட்டதை வெளியில் விடாமல் பின்னாலேயே போனேன்.

தள அலுவலகத்தில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். இன்ஜினியர் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்: "நிறுத்துன்னு ரெண்டு தடவை சொன்னேன் சார். அப்புறம் பேச்சையே நிறுத்திட்டேன். சரக்கு இறங்கிட்டே இருந்துச்சு. அவங்க கவனிக்கல போல."

அவங்களாம். கட்டின பெண்டாட்டி ஒரே நாளில் "அவங்க" ஆகிவிட்டாள்.

"பொய் சார்" என்றேன். "குரல் நிக்கவே இல்ல. இவரு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு இறக்கு இறக்குன்னு சொல்லிட்டே இருந்தாரு. நேத்து ஆஸ்பத்திரியில என்கிட்ட அழுதுக்கிட்டே ஒத்துக்கிட்டாரு. இன்னைக்குக் காலையில இவங்க ரெண்டு பேரும் அஞ்சாம் சேனல்ல பேசி வெச்சுக்கிட்டதை நான் காதால கேட்டேன்."

"அது தனி லைன் சார், எண் போட்டது. அதுல பேசறது வேற செட்டுக்குப் போகவே போகாது" என்றார் இன்ஜினியர் நிதானமாக. "அதிர்ச்சியில இருக்காங்க, பாவம். விடுங்க."

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். "அம்மா, முதல் சேனல்ல நீங்க ரெண்டே பேர்தான். பக்கத்துல இருந்தவங்களுக்கு வேலை இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல. நான் எதை வெச்சு முடிவு பண்றது? வேற யாராவது சொல்லியிருந்தா நானே சந்தேகப்பட்டிருப்பேன். சொந்தப் புருஷன் சொல்றாரும்மா. எந்த மனுஷனாவது பொண்டாட்டி பொழைப்புல மண்ணை அள்ளிப் போடப் பொய் சொல்லுவானா?"

சொல்லிக்கொண்டே எழுதினார். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று அவர் எழுதுவது எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்றால் கூட ஊர் நம்பிவிடும். இங்கே வேலி என்பதாலேயே மேயாது என்று எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, உடம்பெல்லாம் எரிந்தது.

"சார், இவங்க ரெண்டு பேரையும் பத்து நிமிஷம் வெளியில அனுப்புங்க. அவங்கவங்க வேலையைப் பாக்கட்டும். அதுக்கப்புறம் நீங்க என்ன எழுதினாலும் கையெழுத்துப் போடறேன்."

கையெழுத்து என்றதும் இன்ஜினியர் உடனே எழுந்தார். நாலாவது மாடியில் கான்கிரீட் போடுகிற வேலை அவருக்கு இருந்தது. ஆய்வாளர் என் வீட்டுக்காரரை, விபத்து நடந்த இடத்தில் போய் நிற்கச் சொல்லி அனுப்பினார். போகும்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் செட்டை மேஜையில் நிமிர்த்தி வைத்து, காது ஒலிப்பானைப் பிடுங்கிவிட்டு, திருகை ஐந்துக்குத் திருப்பினேன். பக்கத்து பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தேன். இரைச்சல் கொட்டியது.

"ஒட்டுக் கேக்கச் சொல்றீங்களாம்மா?" ஆய்வாளர் நெளிந்தார்.

"காத்துல போறது சார். காது இருக்கறவங்க எல்லாம் கேக்கலாம்."

மூன்று நிமிடம் இரைச்சல்தான். ஆய்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் இரைச்சல் சட்டென்று அடங்கி இன்ஜினியர் குரல் வந்தது.

"கச்சிதமாச் சொன்னேய்யா, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே. நிறுத்துன்னு சொன்னதா அடிச்சு விட்டே பாரு, அங்கதான் ஆய்வாளர் நம்பிட்டாரு. ஆனா உன் வீட்டுக்காரம்மா கிளறுதே? அஞ்சாம் சேனல்ங்குது. நீ ஏதாவது உளறினியா?"

"இல்ல சார். ஏதோ குருட்டாம்போக்குல சொல்றா." என் வீட்டுக்காரர் குரல், தோள் மைக்கில், சுத்தமாக வந்தது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிய மைக். இன்று அதை ஐந்தாம் சேனல் செட்டில் மாட்டியிருந்தார். "நீங்க பயப்படாதீங்க. கத்துவா, அழுவா. ஆனா என்னை விட்டுக்கொடுக்க மாட்டா சார். அவளை மாதிரி ஒருத்தி கிடைக்க மாட்டா. பாத்துக்கிட்டே இருங்க, கடைசில தன் தப்புதான்னு அவளே கையெழுத்துப் போட்டுடுவா. எனக்காக எதையும் செய்வா."

அதைப் பெருமையாகச் சொன்னார். பதினாறு வருட வாழ்க்கையில் என்னைப் பற்றி அவர் இன்னொருவரிடம் பெருமையாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆய்வாளர் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, எழுதியிருந்த வரியைக் குறுக்கே அடித்தார். இரண்டு தடவை அடித்தார். பிறகு மெதுவாக, "போதும்மா. பட்டனை விட்டுடுங்க" என்றார்.

நான் விடவில்லை.

"இருங்க சார்" என்றேன். "இன்னும் பேசறாரு."