ஆர்டிஸ் வீட்டுப் பால்

என் மாமனார் ஹால்வர் ஆட்டை ஆடு என்று சொல்லமாட்டார். ‘கால் முளைத்த களை’ என்பார். விஸ்கான்சினில் எங்கள் பக்கத்து மாட்டுக்காரர்களுக்கு ஆடு என்றாலே இளக்காரம்தான். ஆனாலும் இவர் அளவுக்கு வாய் யாருக்கும் கிடையாது. பக்கத்துப் பண்ணை ஆர்டிஸ், கணவர் இறந்த பிறகு மாடுகளை விற்றுவிட்டு வெள்ளாடு வாங்கினார். அந்த வருஷம் சர்ச் விருந்தில், நிலவறைக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருக்கும்போது, ஹால்வர் இந்தக் களைப் பேச்சை எடுத்துவிட்டார். ஆர்டிஸ் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. எங்கள் ஊரில் சாலையில் எதிரே யார் வந்தாலும், ஸ்டியரிங்கைப் பிடித்த கையிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்ட வேண்டும். முன்பின் தெரியாதவருக்கும் உண்டு. இவர்கள் இருவரும் அதைக்கூடச் செய்யமாட்டார்கள். ஆர்டிஸின் நீல வண்டி வந்தால் ஹால்வர் வயலில் ஏதோ அதிசயத்தைக் கண்டதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். கூட உட்கார்ந்திருக்கும் எனக்கு மானம் போகும்.

இப்போது எங்கள் தொழுவத்தை வாடகைக்கு எடுத்து யாரோ படகு நிறுத்தியிருக்கிறார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது மாடுகள் இல்லை. கம்பளித் தொப்பியைக் கையில் ஏந்திக்கொண்டு ஹால்வர் வந்து நின்ற அந்தக் காலைப்பொழுதுதான். நினைத்தால் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கலங்கிவிடும்.

பனி உருகிக்கொண்டிருந்த சமயம். என் மாமியார் இங்கா அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் இறந்துபோயிருந்தார். அவருடைய செல்லப் பூனையும் அதே குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தது. அதன் மகள் டாலி மட்டும்தான் மிச்சம். அவளுக்கு அது முதல் பிரசவம்.

“மார்லிஸ், அடுப்புல கணகணப்பு இருக்கா?” என்றார் ஹால்வர்.

“இருக்கு. தொப்பிக்குள்ள என்னப்பா?” என் கணவர் டேல் மாதிரியே நானும் அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

உள்ளே நாலு பூனைக்குட்டிகள். ஈரம்கூடக் காயவில்லை.

“டாலி வைக்கோல்ல போட்டுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. கொண்டுபோய் வயித்துகிட்ட வெச்சா சீறுறா, அறையுறா. அவளுக்குப் பாலும் சுரக்கல.”

“வீட்டுக்குள்ள பூனை வரக்கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு?”

“இது பூனை இல்ல,” என்றார். “இங்காவோடது.”

நான் தொப்பியைக் கையில் வாங்கிக்கொண்டேன். ஒரு குட்டிக்குச் சாம்பல் நிறம், மோவாயில் மட்டும் வெள்ளை. இங்காவின் பூனைக்கும் அப்படியேதான் இருக்கும். பெட்டியில் பழைய துண்டு விரித்து, வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அடியில் வைத்தேன். அதற்குள் அவர் தொழுவத்துக்குப் போய்ப் பாலோடு வந்துவிட்டார். சாதாரணப் பால் இல்லை. ஃப்ரீடா என்ற ஜெர்சிப் பசுவின் பால். சந்தையில் பரிசு வாங்கியவள், ஏடு விரல் கனம் படியும்.

“கால்நடை டாக்டருக்கு ஒரு போன் போடலாமே,” என்றேன்.

“தொழுவம் நெறைய மாட்டக் கட்டி வெச்சுக்கிட்டு, பாலப் பத்தி டாக்டர்கிட்ட கேக்கணுமா? ஊரு சிரிக்கும்.”

இதுதான் எங்கள் மாட்டுக்காரர்களின் புத்தி. தலைவலியா, பால் குடி. மனசு சரியில்லையா, பால் குடி. சொட்டுக்குழாயால் அவர் ஊட்ட ஊட்ட, குட்டிகளுக்கு வயிற்றால் போனது. மெலிந்துபோகிறதே என்று இன்னும் கொஞ்சம் ஏட்டைக் கலந்தார். ஒன்று செத்தது. இன்னும் கலந்தார். இன்னொன்றும் செத்தது. தொழுவத்துக்குப் பின்னால் மண்வெட்டியோடு அவர் தனியாக நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கோபமாக வந்தது, அதைவிடப் பாவமாக இருந்தது.

கடைசியில் டேல்தான் டாக்டருக்குப் போன் செய்தார். போனை வைத்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “மாட்டுப் பால் குட்டிங்களுக்குச் செரிக்காதாம். இந்த நிமிஷமே நிறுத்தச் சொல்றார். அதுக்குன்னு ஒரு பால்மாவு இருக்காம், வெளியூர்லேர்ந்து வந்து சேர நாளாகுமாம். அதுவரைக்கும்...”

“அதுவரைக்கும்?”

“ஆட்டுப்பால்.”

சுற்றுவட்டாரத்தில் ஆடு வைத்திருந்தது ஒரே ஒரு வீடு.

“நான் போய் வாங்கிட்டு வரேன்ப்பா,” என்றேன்.

“பேசினது என் வாய்தானே,” என்று எழுந்தார். “நான்தான் போகணும். நீ பெட்டிய எடுத்துட்டு வா. சூடு ஆறிடக் கூடாது.”

ஆர்டிஸ் வேலிக் கதவில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்த்தார். கதவைத் திறக்கவில்லை.

“என்ன ஹால்வர், களை பறிக்க வந்தியா?”

ஹால்வர் தொப்பியைக் கழற்றினார். “பால் வேணும்.”

“உங்க வீட்டுல பால் ஆறா ஓடுமே. அதுக்கென்ன வந்துச்சு?”

“ஒத்துக்கல.”

“என்னது? காதுல விழல.”

“என் மாட்டுப் பால் குட்டிங்களுக்கு ஒத்துக்கலன்னு சொன்னேன்!” என்று கத்தினார். ஆடுகளெல்லாம் திரும்பிப் பார்த்தன.

ஆர்டிஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அந்த வெள்ளை மோவாயைக் கண்டதும் அவர் முகத்திலிருந்த கேலி போய்விட்டது. “இங்காவோட பூனை மாதிரியே இருக்கே,” என்று மெதுவாகச் சொன்னார். அப்போதே கறந்து, ஜாடியில் ஊற்றிக் கொடுத்தார். “தினமும் நீயே வந்து வாங்கிக்கணும். மருமகள அனுப்பினே, ஒரு சொட்டு கிடையாது.”

தினமும் போனார். அடுப்பு ஓரத்தில் நாற்காலியைப் போட்டு, குட்டியைக் குப்புறப் படுக்கவைத்துச் சொட்டுச் சொட்டாக ஊட்டுவார். தாய் நக்கிவிட்டால்தான் பச்சைக் குட்டிகளுக்கு மூத்திரம் பிரியும். அதற்கு, மாட்டின் மடி துடைக்கிற துணியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துவிடுவார். பெரிய பெரிய விரல்கள், ஆனால் அவ்வளவு பதமான கை. “போடா ராஜா, ஒண்ணுக்குப் போடா,” என்று கெஞ்சுவார். வயிற்றுப்போக்கு நின்று, வெள்ளை மோவாய்க்காரன் முதல் தடவை ஒழுங்காகப் போனபோது, “மார்லிஸ்! போயிட்டான்!” என்று வீடே அதிரக் கத்தினார். இரண்டும் பிழைத்துக்கொண்டன. மாவு வந்தது, அலமாரியில் அப்படியே கிடந்தது. கண் திறந்தன, திரைச்சீலையில் ஏறின, கோழிக்கறி தின்னத் தொடங்கின. ஜாடி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

“அப்பா, அதுங்கதான் கறி திங்குதே. இன்னும் பால் யாருக்கு?” என்று டேல் கேட்டார்.

“உன் வேலையப் பாரு.”

நானும் டேலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மனுஷர் ஆர்டிஸ் வீட்டுக்குப் போகிற நாளெல்லாம் முகம் சவரம் செய்துகொண்டார். இங்கா போன பிறகு முதன்முறையாக அவர் சீட்டியடித்ததை அப்போதுதான் கேட்டேன்.

ஆனால் வாய் சும்மா இருக்குமா? பால் கூட்டுறவில் ஆர்னே என்பவர் பூனைகளைப் பற்றி விசாரிக்க, நாலு மாட்டுக்காரர்கள் முன்னால், “எல்லாம் ஃப்ரீடா பால் குடிச்ச ஒடம்பு!” என்று அளந்துவிட்டார். அன்று மாலைக்குள் பேச்சு ஆர்டிஸ் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் ஹால்வர் வெறும் ஜாடியோடு திரும்பி வந்தார்.

“என்னப்பா ஆச்சு?”

“ஃப்ரீடாகிட்டயே போய்க் கறந்துக்கோன்னுட்டா.”

அதன் பிறகு சீட்டியும் இல்லை, சவரமும் இல்லை. பழைய கதைதான், நீல வண்டி வந்தால் வயலைப் பார்ப்பார். போய் மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.

இலையுதிர் காலத்தில் மறுபடி சர்ச் விருந்து. அதே நிலவறை, அதே மீன் வாடை, உருக்கிய வெண்ணெய். ஆர்டிஸ் காப்பிக் கூஜாவோடு பரிமாறிக்கொண்டிருந்தார். எங்கள் மேசையை மட்டும் தாண்டித் தாண்டிப் போனார். அந்த நேரம் பார்த்து ஆர்னே, “ஹால்வர், ஃப்ரீடா பால் குடிச்ச புலிங்க ரெண்டும் சௌக்கியமா?” என்று கத்தினார்.

ஹால்வர் முள்கரண்டியை வைத்தார். எழுந்து நின்றார்.

“ஃப்ரீடா பால் குடிச்ச ரெண்டும் செத்துப்போச்சு. என் கையாலதான் ஊட்டினேன், என் கையாலதான் பொதச்சேன். பொழச்சது ரெண்டும் ஆர்டிஸ் வீட்டு ஆட்டுப்பால்ல பொழச்சது.” ஆர்டிஸ் பக்கம் திரும்பினார். “போன வருஷம் இதே எடத்துல நின்னு ஒரு பேச்சு பேசினேன். பேசியிருக்கக் கூடாது.”

ஒரு மாட்டுக்காரர் மாட்டுக்காரர்கள் நடுவில் இப்படிப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆர்டிஸ் நேராக வந்து அவர் கோப்பையில் காப்பி ஊற்றினார். மேசையிலிருந்த பாலேட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, போய்த் தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன ஜாடியை எடுத்து வந்தார். தன் காப்பிக்கென்று கொண்டுவந்திருந்த ஆட்டுப்பால். அத்தனை பேரும் பார்க்க அவர் கோப்பையில் ஊற்றினார். ஹால்வர் ஒரே மூச்சில் குடித்துக் கோப்பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

“எப்படி?” என்றார் ஆர்டிஸ்.

“குடிக்கலாம்,” என்றார் ஹால்வர்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் யாரையும் புகழ்ந்ததில்லை.

மறுநாள் நானும் அவரும் தீவனம் வாங்கப் போகும்போது நீல வண்டி எதிரே வந்தது. நான் பழக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். ஹால்வர் வயல் பக்கம் திரும்பவில்லை. விரலைத் தூக்கவும் இல்லை. வண்டியை நடுச்சாலையிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, சீட்டுக்கு அடியிலிருந்து அந்த வெறும் ஜாடியை எடுத்து வெளியே நீட்டினார்.